மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"மூச்சை மெதுவா விடுங்க அம்மிணி" என்றார் லேத் பட்டறைப் பெரியவர். அவ்வளவு கிட்டத்தில் குனிந்திருந்தேன்.

கருங்கல் மேடையில் என் காரின் சிலிண்டர் ஹெட் மல்லாந்து கிடந்தது. அதன் முகத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, எஃகுச் சட்டம் ஒன்றை நிறுத்தியிருந்தார். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஊசி இழை போல வெளிச்சம். ஃபீலர் கேஜை விசிறியாக விரித்து, 0.05 மில்லிமீட்டர் இலையைப் பிரித்து அந்த வெளிச்சத்துக்குள் விட்டார். தடையே இல்லாமல் போனது. 0.08 இலை, அதுவும் போனது. 0.10 கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் போனது. 0.12 வாசலிலேயே நின்றுவிட்டது.

"பத்துல நிக்குதுங்க. சரி பண்ணீரலாம்."

நான் கைதட்டிவிட்டேன்! பட்டறையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே. மயிரிழையில் தப்பினோம் என்று நாம் சொல்லும் அந்த மயிரிழை, உண்மையில் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் தடிமன். என் காரின் ஹெட் கோணியிருந்தது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் கோணலுக்காகத்தான் பத்து நாளாக மூன்று இடங்களில் மூன்று விதமான தீர்ப்புகளைச் சுமந்துகொண்டு அலைந்தேன். இப்போது அது என் கண்ணெதிரே, ஓர் இலையின் நுனியில், அளவாக நிற்கிறது.

இந்த மேடைக்கு நான் வந்து சேர்ந்த வழியைத்தான் சொல்லப்போகிறேன். பழுதான காரை யாரிடம் கொடுப்பது என்ற ஒற்றைக் கேள்வியோடு கிளம்பி, வாடிக்கையாளர் போகவே போகாத அறைகளுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை!

மே மாதம். கோவையிலிருந்து குன்னூர். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, மலை ஏறத் தொடங்கியதும் சீசன் கூட்டம். ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து போனேன். பர்லியாறை நெருங்கும்போது சூடு காட்டும் முள் நடுவை விட்டு மேலே நகர்ந்தது. ஏ.சி.யை அணைத்தேன். முள் நிற்கவில்லை. சிவப்பைத் தொட்ட நொடியில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். பானெட்டுக்குள்ளிருந்து இட்லிக் குண்டான் திறந்தது போல ஆவி. ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவில்லை. சூட்டில் அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று வண்டி ஓட்டிப் பழகிய காலத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், இன்ஜின் நொண்டியது. நாலு காலில் இரண்டு மடங்கிய மாடு போல ஆட்டம். அணைத்துவிட்டு, பிளாட்பெட் வண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் போனது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. பதினோரு வயது வண்டி, வாரண்டி முடிந்து வெகுகாலம். அட்வைசர் தம்பி பானெட்டைத் திறந்து பார்த்தார், ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கேட்டார். "இன்ஜின் அசெம்பிளி மாத்துறது சேஃப் மேடம்" என்றார். அவர் காட்டிய எஸ்டிமேட் என் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டியது. அடுத்து, எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற பெரிய வொர்க்‌ஷாப் ஒன்றுக்கு போனிலேயே விவரம் சொன்னேன். "ரிங், பிஸ்டன், போரிங் எல்லாம் சேர்த்து ஃபுல் இன்ஜின் வேலை பண்ணீருங்க, பத்து வருஷம் தொடவே வேண்டாம்" என்றார்கள். மூன்றாவதாக, எங்கள் தெரு முனையில் ஒருவர். "கேஸ்கெட் போயிருக்கும். மாத்தி விட்டா ஓடும்" என்றார். அவர் சொன்ன தொகை முதல் எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்று பேருமே இன்ஜினை அளக்கவில்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. ஒருவர் காதால் கேட்டார், ஒருவர் போனில் கேட்டார், ஒருவர் ஊகித்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு, எது பாதுகாப்பு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அளக்காத மூன்றை வைத்துக்கொண்டு என்னத்தை ஒப்பிடுவது?

மறுநாள் காலை வேறு ஒன்று செய்தேன். சர்வீஸ் சென்டருக்கே திரும்பப் போய், "உள்ளே வேலை நடக்கிறதைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அட்வைசர் தம்பி தயங்கினார். மேனேஜரிடம் போய் வந்தார். "மஞ்சள் கோடு வரைக்கும்தான் கஸ்டமருக்கு அனுமதி. நீங்க ஒரு பத்து நிமிஷம் போயிட்டு வாங்க மேடம்" என்றார். தரையில் பெயின்ட் அடித்த அந்த மஞ்சள் கோட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே. அன்று தாண்டினேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். அறைக்குள் முதல்முறை போனபோது இருந்த படபடப்பு அப்படியே வந்தது.

உள்ளே எவ்வளவு அழகு தெரியுமா! சுவரில் ஒரு பலகை. அதில் ஸ்பெஷல் டூல்கள் ஒவ்வொன்றும் அதனதன் நிழல் வரைந்த இடத்தில் தொங்குகின்றன. ஒரு கருவியை எடுத்தால் அதன் நிழல் மட்டும் வெறுமையாக நின்று, எடுத்தவன் திருப்பி வைக்கும்வரை காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தெரிய ஒரு ஹைப்ரிட் கார். சுற்றிச் சங்கிலி கட்டி, பயிற்சி பெற்ற ஒருவரைத் தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது என்று பலகை. ஆரஞ்சு என்றால் உயர் மின்னழுத்தம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஏர்பேக், ஏ.பி.எஸ்., ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கம்ப்யூட்டரில் புரோகிராம் ஏற்ற வேண்டிய எதுவாக இருந்தாலும் நான் இனி கண்ணை மூடிக்கொண்டு இங்கேதான் வருவேன். வாரண்டி இருக்கிற வண்டியை வேறெங்கும் கொண்டுபோக நினைப்பதே தப்பு.

ஒரு டெக்னீஷியன், இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு கிளட்சை இறக்கிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கம்பெனி கணக்கு வைத்திருக்கிறது, லேபர் அதன்படிதான் என்றார். ஒரு வண்டி ஒரு பே-யில் மூன்று வாரம் பிரித்துப் போட்டபடி கிடந்தால், அந்த இடத்தில் வர வேண்டிய நூறு சர்வீஸ் நின்றுவிடும். புது இன்ஜினைத் தூக்கி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும், வைத்ததற்குக் கம்பெனியே பொறுப்பு. அட்வைசர் தம்பி என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே அதுதான் நியாயமான வழி.

அப்புறம் கேட்டேன்: "சரி தம்பி, ஒருவேளை ஹெட்டை மட்டும் பிளேன் பண்றதுன்னா, அந்த மெஷின் எங்கே இருக்கு?"

சிரித்தார். "அது இங்க இல்லீங்க மேடம். வெளியில லேத்துக்குத்தான் போகும். கணபதியில ஒரு பெரியவர் இருக்காரு."

நின்ற இடத்திலேயே சிலிர்த்தது. இவ்வளவு பளபளப்பான கட்டடத்திலிருந்தும் ஹெட் ஒரு சாக்குப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு கணபதிக்குப் போகிறதா! அந்தப் பெரியவரைப் பார்க்காமல் இனி எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

பெரிய வொர்க்‌ஷாப்புக்கும் ஒருநடை போனேன். இடம் சுத்தம், ஆட்கள் மரியாதை. உள்ளே விடவில்லை. அதோடு அது முடிந்தது.

இதற்கிடையில் தோழி ஒருத்தி ஒரு மெக்கானிக்கின் நம்பர் கொடுத்தாள். ரத்தினபுரிப் பக்கம் தகர ஷெட், இரண்டே வண்டிக்குத்தான் இடம். போனில் விவரம் சொன்னேன். எஸ்டிமேட் எதுவும் சொல்லவில்லை மனிதர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதுக்குங்க சூடாச்சு?"

பேச்சே வரவில்லை எனக்கு. நாலு நாளாக எல்லோரும் சூட்டினால் என்ன கெட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம். சூடு ஏன் வந்தது என்று இவர்தான் முதன்முதலாகக் கேட்கிறார்! "கேஸ்கெட் தானாப் போகாதுங்க மேடம். எதோ ஒண்ணு அதைக் கொன்னிருக்கு. அதை விட்டுட்டு கேஸ்கெட் போட்டா, அடுத்த மாசம் இதே வேலை" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கே வந்தார், ஒரு பெட்டியோடு. போர்டிகோவில் நடந்த அந்த முக்கால் மணி நேரத்தை நான் எந்த சினிமாவுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். பெட்ரோல் வராமல் துண்டித்தார். ஒரு கம்ப்ரஷன் கேஜை முதல் ஓட்டையில் திருகி, "சாவியைத் திருகிப் பிடிங்க, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிங்க" என்றார். சாவியைப் பிடித்தது நான்! இன்ஜின் சுற்றச் சுற்ற முள் துள்ளித் துள்ளி ஏறி 175 பவுண்டில் நின்றது. இரண்டாவது சிலிண்டர் 90. மூன்றாவது 85. நாலாவது 170. கார்ப்பென்டர் பென்சிலால் எங்கள் வீட்டுத் தூணிலேயே எழுதினார். இன்னும் அழிக்கவில்லை.

"பக்கத்துப் பக்கத்து ரெண்டு. பாத்தீங்களா?"

அடுத்து, ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை எடுத்து இரண்டிலும் மூன்றிலும் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால், ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறிவிடும். முள் பழைய இடத்திலேயே நின்றது. ரிங் நன்றாக இருக்கிறது! அப்படியென்றால் ரிங், பிஸ்டன், போரிங் என்று ஃபுல் இன்ஜின் வேலை எதற்கு? ஒரு சிரிஞ்ச் ஆயில் அந்த எஸ்டிமேட்டையே கிழித்துப் போட்டுவிட்டது.

கடைசியாக வந்ததுதான் மாயம். கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீல நிற திரவம். ரேடியேட்டரில் நீர் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, அதன் வாயில் குழாயைப் பொருத்தி, இன்ஜினைச் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு, ரப்பர் பந்தை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை அந்த நீலத்தின் வழியே இழுத்தார். இன்ஜினுக்குள் எரிந்த புகை தண்ணீர்ப் பாதைக்குள் கசிந்திருந்தால் நிறம் மாறும். நான் கண்ணிமைக்கவில்லை. நீலம் லேசாகப் பச்சையானது, அப்புறம் எலுமிச்சை மஞ்சள்! கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னாச்சு கண்ணு?" என்றார். "கேஸ்கெட் போயிருச்சு பாட்டி!" என்றேன், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது போல.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேஸ்கெட் விட்டுவிட்டது. தண்ணீர்ப் பாதைக்கும் வழி விட்டிருக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார், பால் கலந்த காபி நிறம் இல்லை. ஆயிலில் தண்ணீர் சேரவில்லை. இத்தனையும் ஹெட் போல்ட் ஒன்றைக்கூடக் கழற்றாமல்!

இருந்தும் நான் உடனே வண்டியைக் கொடுக்கவில்லை. கணபதிப் பெரியவரைப் பார்க்கும் ஆசை உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

கோவையில் லேத் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஊருக்கு இரும்போடு உள்ள உறவு பழசு. ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை அக்கக்காகப் பிரித்து மாட்டித்தான் இன்ஜின் கற்றுக்கொண்டார் என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளரும் கதை. அவர் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர். இதே ஊரின் கரிவரதன்தான் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டியவர், செட்டிபாளையத்து ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பஸ் ஓடவும் ரேஸ் ஓடவும் யாரோ ஒருவர் உள்ளே உட்கார்ந்து மயிரிழையில் பாதியை அளந்துகொண்டே இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த யாரோ ஒருவரைத்தான் பார்க்கப் போகிறேன் என்ற நினைப்பில் அன்று ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்றே தெரியவில்லை.

கணபதியில் சந்துக்குள் சந்து. பெயர்ப் பலகைகூட இல்லை. உள்ளே நுழைந்ததும் கட்டிங் ஆயில் வாசனை, சொரசொரவென்று கல் உரசும் ஓசை. பெரியவர் எழுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்தேன் என்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவர் காட்டியதையெல்லாம் எழுத ஒரு புத்தகம் வேண்டும். வால்வு உட்காரும் இடத்தை மூன்று கோணத்தில் வெட்டுவது, அதன் மேல் நீல மையைத் தடவி வால்வை வைத்துச் சுழற்றி எடுத்து, மை விழுந்த வளையம் எங்கேயும் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, குழிவுக்குள் பெட்ரோலை ஊற்றி வைத்துவிட்டு ஒரு சொட்டும் கீழே கசியவில்லை என்று உறுதி செய்வது. ஒரு பஸ் இன்ஜினின் ஹெட் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை ஸ்பிரே செய்தார். வெறுங்கண்ணுக்குச் சுத்தமாக இருந்த உலோகத்தில், வெள்ளைக்கு மேலே மெல்ல ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. விரிசல்! அந்தக் கோடு தானாக எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பின்சுவரில் அலமாரி. அடுக்கடுக்காக ஹெட்கள், ஒவ்வொன்றிலும் கம்பியில் கட்டிய அட்டை. எட்டிப் படித்தேன். கம்பெனி சர்வீஸிலிருந்து வந்தது, தெருவோர ஷெட்டிலிருந்து வந்தது, என்னை உள்ளே விடாத அந்தப் பெரிய வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது, பல்லடத்து லாரியுடையது. எல்லாம் ஒரே அலமாரியில், பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக! ஊர் முழுக்க வேறு வேறு விலையில், வேறு வேறு நாற்காலிகளில் உட்காரவைத்துச் சொல்லப்படுகிற வேலையின் மூலவேலை இந்த ஒரே மேடையில், இந்த ஒரே கையால்.

அப்போதுதான் என் கேள்வி தலைகீழாகத் திரும்பியது. இத்தனை நாளும் நான் மெக்கானிக்கிடம் போய், வேலையை யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவரிடம் அல்லவா கேட்க வேண்டும், நல்ல மெக்கானிக் யார் என்று? எல்லோருடைய வேலையும் பிரிந்த நிலையில் இவர் கைக்குத்தானே வருகிறது!

கேட்டேன். பெரியவர் காதைத் தடவிக்கொண்டார். "பேர் சொல்றது தர்மம் இல்லீங்க அம்மிணி. எல்லாரும் நமக்குச் சோறு போடறவங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று அலமாரியிலிருந்து இரண்டு ஹெட்களை இறக்கி மேடையில் வைத்தார்.

ஒன்று கரி அப்பியபடி. அதன் பதினாறு வால்வும் ஒரே பாலிதீன் பையில் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. கூட இருந்த சீட்டில் ஒரே வார்த்தை: "அர்ஜென்ட்."

இன்னொன்று கழுவித் துடைத்து வந்திருந்தது. வால்வுகள் ஒரு தடித்த அட்டையில் துளையிட்டுச் செருகப்பட்டு, கீழே 1 முதல் 16 வரை எண்கள். வால்வுக்கு மேலே உட்காரும் சின்னக் கிண்ணங்கள் ஒரு முட்டை அட்டையின் குழிகளில், அவற்றுக்கும் எண். சீட்டில் இரண்டு வரி: "கோணல் எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க. சொன்ன பிறகு கஸ்டமர்கிட்ட கேட்டுட்டு வேலை ஆரம்பிக்கலாம்."

எழுத்து கார்ப்பென்டர் பென்சிலில். எங்கள் வீட்டுத் தூணில் இருக்கிற அதே எழுத்து!

அன்று மாலையே வண்டியை ரத்தினபுரிக்கு அனுப்பினேன். பேச்சு நேரடியாக இருந்தது. முதலில் பிரித்து அளப்பதற்கு மட்டும் ஒரு தொகை. அளவு வந்த பிறகு மீதியைப் பேசுவது. பிளாக்கின் மேல்தளமும் கோணியிருந்தால் கணக்கு வேறு, அப்போது நிறுத்திவிட்டு யோசிக்கலாம். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் என்னிடம் வந்துவிட வேண்டும். உக்கடத்தில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டலாமே என்று என் சித்தப்பா சொன்னதையும் கேட்டுவைத்தேன். "மாட்டலாம். ஆனா நம்பர் பிளாக்குல அடிச்சிருக்கும், ஆர்.சி. புக்குல மாத்தோணும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை. உங்க பிளாக் நல்லா இருக்கறப்ப அது எதுக்குங்க?" என்றார் மெக்கானிக் அண்ணன். பிளாக் நன்றாகத்தான் இருந்தது. அவர் சட்டம் வைத்துப் பார்த்தபோது அங்கே ஓர் இலையும் நுழையவில்லை.

கொலைகாரனும் பிடிபட்டான். ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் ஒயரின் பிளாஸ்டிக் கனெக்டர் உருகிக் கறுத்துப்போயிருந்தது, சுண்டுவிரல் நுனி அளவு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஃபேன் ஓடாதது தெரியாது. மலையில் ஊர்ந்தபோது காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை. அவ்வளவுதான். புது இன்ஜின் வைத்திருந்தாலும், அடுத்த பர்லியாறுப் பயணத்தில் அதுவும் இதே வழியில் போயிருக்கும்!

கணபதியில் அளந்து பிளேன் செய்த ஹெட் திரும்பி வந்த நாளில் லீவு போட்டுவிட்டு ஷெட்டில் உட்கார்ந்துகொண்டேன். பெரியவர் பிளேன் செய்த முகத்தில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. பிளாக்கின் மேல்தளத்தைத் துணியால், அப்புறம் விரல் நுனியால், அப்புறம் மறுபடி துணியால் துடைத்தார்கள். போல்ட் துளைக்குள் ஒரு சொட்டு ஆயில் தேங்கியிருந்தாலும் இறுக்கும்போது அளவு ஏமாற்றும் என்று காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள். புது கேஸ்கெட்டை உறையிலிருந்து கடைசி நிமிடத்தில்தான் எடுத்தார் அண்ணன். அப்புறம் ஒரு நீளப் பெட்டியைத் திறந்தார். வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த டார்க் ரெஞ்ச். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி மிகக் குறைந்த அளவில் வைத்துவிட்டுத்தான் மூடுவாராம். அந்தத் துணியைப் பார்த்ததும் வீட்டில் அப்பா ஹார்மோனியத்தை மூடி வைக்கும் விதம் ஞாபகம் வந்தது.

பத்து போல்ட்டும் புதிது. இழுபட்டு நீண்டு பிடிக்கும்படி செய்த போல்ட்கள் இவை, ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் மறுபடி நம்பக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி, குறுக்கே, வெளியே வெளியே என்று சுற்றினார். முதல் சுற்று 20 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு போல்ட்டிலும் ரெஞ்ச் 'டக்' என்றது. இரண்டாம் சுற்று 40. டக், டக், டக். ஹெல்ப்பர் பையன் ஒவ்வொன்றுக்கும் எண்ணிச் சொன்னான். அதன் பிறகு ரெஞ்ச் பேசாது, கோணம்தான் கணக்கு. ஒரு டிகிரித் தட்டை மாட்டி 60, மறுபடி 60. அந்தக் கடைசிச் சுற்றில் அண்ணன் கழுத்து நரம்பு புடைத்தது. ஷெட்டில் யாரும் பேசவில்லை. நான் பத்து விரலையும் மடக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு விரலை விரித்தேன்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஸ்டார்ட். கணபதியிலிருந்து பெரியவரே மொபெட்டில் வந்துவிட்டார்! "நம்ம கை பட்ட வண்டி பாருங்க, சத்தம் கேக்கோணும்" என்றார். சாவியை என் கையில் கொடுத்தார்கள். திருகினேன். இரண்டு சுற்று, மூன்று சுற்று, பிடித்துக்கொண்டது. நாலு காலும் ஊன்றிய ஓட்டம். பெரியவர் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். திறந்தார். தலையை ஒருமுறை ஆட்டினார். நான் குதித்தேன், நிஜமாகவே குதித்தேன்.

"இருங்க மேடம், இன்னும் முடியலை" என்றார் அண்ணன். ஸ்கேன் கருவியில் சூட்டின் எண் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது. எண்பது. எண்பத்தெட்டு. நாங்கள் நாலு பேரும் திறந்த பானெட்டைச் சுற்றி, சாமி புறப்பாட்டுக்குத் திரை விலகக் காத்திருப்பது போல நின்றோம். தொண்ணூற்று இரண்டு. ஹெல்ப்பர் பையன் என் சேலைத் தலைப்பை ரேடியேட்டர் பக்கம் போகாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டான். "அக்கா, பாத்து" என்றான். தொண்ணூற்று நாலு. பர்லியாறு மேட்டில் ஆவிக்கு நடுவே நான் தனியாக நின்றது கண்ணுக்குள் வந்தது. தொண்ணூற்று ஐந்து.

விர்ரென்று ஃபேன் சுழல ஆரம்பித்தது.